மாநிறத் தோலுக்கு லேசர் முடி நீக்கம்: முன்பும் பின்பும் கவனிக்க வேண்டியவை

லேசர் ஒளி முடியிலுள்ள மெலனின் என்னும் நிறமியால் உறிஞ்சப்பட்டு வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பமே மயிர்க்காலைச் செயலிழக்கச் செய்கிறது. ஆண்டர்சன், பாரிஷ் ஆகிய இரு மருத்துவர்கள் 1983இல் வெளியிட்ட கோட்பாடே இதற்கு அடிப்படை. அதே மெலனின் நம் தோலிலும் மிகுதியாக இருப்பதால், முடிக்குச் சேர வேண்டிய சூட்டின் ஒரு பகுதியை மேல்தோல் வாங்கிக்கொள்கிறது. நமக்கு வரும் கொப்புளங்களுக்கும் கருந்திட்டுகளுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். எனவே விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே எந்த இயந்திரம் என்று கேளுங்கள்.

1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசரின் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது. அது மேல்தோலை அதிகம் சுடாமல் ஆழத்திலுள்ள மயிர்க்காலைச் சென்றடைவதால், கருமையான தோலுக்கு அதுவே மிகவும் பாதுகாப்பானது. 810 நானோமீட்டர் அளவிலான டயோட் லேசரையும், நன்கு குளிரூட்டும் வசதியும் அனுபவமுள்ள கையும் இருந்தால், மாநிறத்திற்குப் பயன்படுத்தலாம். 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் வெளிர்நிறத் தோலுக்கு உரியது. கடைத்தொகுதிகளில் மலிவாக விளம்பரப்படுத்தப்படும் ஐபிஎல் என்னும் ஒளித்துடிப்புச் சிகிச்சை உண்மையில் லேசரே அன்று. பல அலைநீளங்கள் கலந்த அந்த ஒளியைக் கருமையான தோலில் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் ‘எல்லாத் தோலுக்கும் பொருந்தும்’ என்று மழுப்பும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

லேசர் முடியை நீண்ட காலத்திற்குக் குறைக்கும். அடியோடு ஒழித்துவிடும் என்ற உறுதியை யாரும் தர இயலாது. வளரும் பருவத்திலிருக்கும் முடி மட்டுமே பாதிக்கப்படுவதால், நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு அல்லது எட்டு அமர்வுகள் தேவைப்படும். ஆகவே திருமணத்தை முன்னிட்டுச் செய்துகொள்ள விரும்பும் பெண்கள் முகூர்த்தத்திற்கு ஓராண்டு முன்பே தொடங்குவது நல்லது. நரைமுடிக்கு இச்சிகிச்சை பலன் தராது.

முகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கன்னத்தில் மெல்லிய பூனைமுடி மட்டும் உள்ளவர்கள் லேசரை நாடாமல் இருப்பதே மேல்; ஏனெனில் குறைந்த சூடு பட்ட மயிர்க்கால்கள் தூண்டப்பட்டு, முன்பைவிடத் தடித்த கரிய முடி முளைப்பதுண்டு. இந்த எதிர்விளைவு தெற்காசியப் பெண்களின் முகத்திலும் கழுத்திலும் கூடுதலாகக் காணப்படுகிறது. மோவாயில் தடித்த முடி வளர்வதோடு மாதவிடாயும் தவறுகிறது என்றால், பேச்சுவழக்கில் ‘கருப்பையில் நீர்க்கட்டி’ என்று சொல்லப்படும் சினைப்பை நீர்க்கட்டி நிலை உள்ளதா என்று முதலில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிசோதித்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் ஹார்மோன் சிக்கலைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்தால் முடி திரும்பத் திரும்ப வளரும். சிவப்பழகுக் களிம்புகளை ஆண்டுக்கணக்கில் பூசி வந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தகைய களிம்புகள் சிலவற்றில் அறிவிக்கப்படாத ஸ்டீராய்டும் பாதரசமும் இருந்ததாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்வதோடு முடியையும் வளர்க்கும்.

பெரிய தொகுப்புக்கு முன்பணம் கட்டும்படி வற்புறுத்தினால் இணங்காதீர்கள். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் வழங்கும் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற நிலையமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்திலிருந்து விலகச் சில நாள் அவகாசமும் முன்பணத்திற்குப் பாதுகாப்பும் அங்கு உண்டு. முதலில் ஓரிடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கச் சொல்லி, ஒரு வாரம் பொறுத்திருந்து முடிவெடுங்கள். நம் தோலில் கருமை உடனே தெரியாது.

அமர்வுக்கு முந்திய நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு வாக்சிங், நூல்கொண்டு முடி எடுத்தல், பிடுங்குதல் ஆகியவற்றை நிறுத்த வேண்டும். வேரோடு முடியை எடுத்துவிட்டால் லேசருக்கு இலக்கே இருக்காது. சவரம் செய்யலாம், முந்திய நாள் செய்தே ஆக வேண்டும், ஏனெனில் வெளியே நீண்டிருக்கும் முடி கருகித் தோலைச் சுடும். நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடும் சிங்கப்பூரில் வெயிலைத் தவிர்ப்பது எளிதன்று என்றாலும், நான்கு வாரமாவது குடையும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் கட்டாயம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங் சாலைவரை வெயிலில் நடக்கவிருப்பவர்கள் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் விட்டு நாள் குறிப்பது நல்லது. டாக்சிசைக்ளின், ஐசோட்ரெடினோயின் போன்ற மருந்துகளை உட்கொள்வதையும், கர்ப்பமாக இருப்பதையும், அடிக்கடி உதட்டுப் புண் வருவதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

அன்றைய தினம் மஞ்சள், எண்ணெய், வாசனைத் திரவியம் எதுவுமின்றிச் சுத்தமான தோலுடன் செல்லுங்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பை நீங்களாகவே கால் முழுவதும் பூசிப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்துகொண்ட இளம்பெண்கள் இருவர் அமெரிக்காவில் இறந்துபோனதைத் தொடர்ந்து அந்நாட்டு அரசு 2007இல் எச்சரிக்கை விடுத்தது. கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிவிக்காமல் தொடங்க அனுமதிக்காதீர்கள். ரப்பர் வளையம் சுண்டியதுபோன்ற வலி இயல்பு. தாங்க முடியாத எரிச்சல் இயல்பன்று, உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

முடிந்தவுடன் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் புல்லரித்தாற்போலச் சிறு தடிப்பும் சிவப்பும் தோன்றுவது சிகிச்சை வேலை செய்ததற்கான அடையாளம். ஓரிரு நாளில் தானாகவே அடங்கிவிடும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும் வாசனையற்ற கற்றாழை ஜெல்லும் போதும். இரண்டு நாளைக்கு வெந்நீர்க் குளியல், உடற்பயிற்சி, நீச்சல்குளம், இறுக்கமான உடை வேண்டாம். ஒன்று முதல் மூன்று வாரத்திற்குள் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் மேலெழும்பி, துவாலையில் துடைக்கும்போது உதிரும். அது புது முடியன்று, பிடுங்க வேண்டாம்.

கொப்புளமோ சாம்பல்நிறத் திட்டோ தென்பட்டால் மஞ்சளையோ பற்பசையையோ பூசாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெருப்புக் காயத்திற்குப் பின் வரும் கருமை மறைய மாதக்கணக்கில் ஆகும். தாமதித்தால் தழும்பாகவும் நிலைத்துவிடும். ஒவ்வொரு அமர்விலும் பயன்படுத்திய இயந்திரத்தின் பெயர், அலைநீளம், ஆற்றல் அளவு ஆகியவற்றை நிலையத்தில் எழுதி வாங்கி வைத்திருந்தால், தோலைப் பார்க்கும் மருத்துவர் எந்த அளவுக்குச் சூடு பட்டது என்பதை ஊகிக்காமல் அறிந்து மருந்து தர முடியும்.