வேலிக்கு ரேட் கேட்கும் முன் மண்ணைப் பாருங்கள்

வீட்டு மனைக்கு வேலி போட வேண்டும் என்று பேச்செடுத்த உடனே வருகிற கேள்வி, "அடிக்கு என்ன ரேட்?" என்பதுதான். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. எதைத் தடுக்கப் போகிறோம், எந்த மண்ணில் ஊன்றப் போகிறோம் என்ற இரண்டும் தெரியாமல் விலை கேட்டால், விலை குறைந்ததே நல்லதாகத் தெரியும்.

கோவில்பட்டி பக்கம் என் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கரிசல் மண். உறவினர் வீட்டில் பார்த்த பிரிகாஸ்ட் சுவர் பளிச்சென்று இருக்கிறதே என்று அத்தையும் அதையே போட்டார். கான்கிரீட் தூண்களை நட்டு, தூணில் உள்ள பள்ளத்தில் பலகைகளைச் செருகி, மூன்றே நாளில் வேலை முடிந்தது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தபோது சுவர் தெருப்பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. ஒரு தூணுக்கும் பலகைக்கும் நடுவே என் நான்கு விரல்களும் தாராளமாக நுழைந்தன. அடியைத் தோண்டிப் பார்த்தோம். குழி ஒன்றரை அடிகூட இல்லை. கீழே ஒரு சட்டி கான்கிரீட், மேலே தோண்டிய கரிசலையே தள்ளி மிதித்திருந்தார்கள்.

கரிசல் தண்ணீர் குடித்தால் ஊதும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆண்டுதோறும் இப்படி மூச்சு விடுகிற மண்ணில் கனமான சுவர் நிற்க வேண்டுமானால், வெடிப்பு எட்டாத ஆழத்துக்கு அடித்தளம் இறங்க வேண்டும், குழியைக் கரிசலால் அல்லாமல் கிராவல் போட்டு இறுக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வழியில்லை என்றால் கம்பிவலை வேலியே மேல். தூண் கொஞ்சம் அசைந்தாலும் வலை இடிந்து விழாது, இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். உறவினர் வீட்டுச் சுவர் நேராக நின்றதற்குக் காரணம், அது இருந்தது செம்மண் மேட்டில்.

அடுத்தது எல்லை. பழைய முள்வேலி போன தடத்திலேயே புதுச் சுவரையும் எழுப்புகிறார்கள். பழைய வேலி யார் வசதிக்கு வளைந்ததோ, யாருக்குத் தெரியும்? மனையின் அளவுகள் குறித்த புலப்படத்தை எடுத்து, அளக்க மனுக் கொடுத்து, சர்வேயர் அளந்து கல் காட்டிய பிறகு வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டுங்கள். அளக்கும் நாளில் பக்கத்து மனைக்காரரும் நிற்பது நல்லது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சுவரைச் சரியாக எல்லைக்கோட்டில் வைத்தால், சுவரைவிட அகலமான அடித்தளம் அடுத்தவர் நிலத்துக்குள் நீண்டுவிடும். அவர் பின்னாளில் தோண்டும்போதுதான் வழக்கு ஆரம்பிக்கும். அடித்தளத்தின் வெளி விளிம்புதான் உங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

கம்பிவலையிலும் ஏமாறுகிறவர்கள் அதிகம். கம்பியின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 10 கேஜ் என்றால் சுமார் மூன்றேகால் மில்லிமீட்டர்; 12 கேஜ் அதைவிடச் சன்னம். 'பன்னிரண்டு' என்று கேட்டு, தடிமன் கூடுதல் என்று நினைத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடலோர ஊர்களில் உப்புக்காற்று துத்தநாகப் பூச்சை விரைவிலேயே தின்றுவிடும்; அங்கே பிளாஸ்டிக் உறையிட்ட வலையைக் கேளுங்கள், ஆங்கிள் இரும்புக்குப் பதில் கருங்கல் தூணோ கான்கிரீட் தூணோ நடுங்கள். இரும்புத் தூண் இற்றுப்போவது உச்சியில் அல்ல, மண்ணைத் தொடும் இடத்தில். சுற்றிலும் போட்ட கான்கிரீட் தரைமட்டத்துக்குக் கீழே நின்றால் அந்தக் குழியில் மழைநீர் தேங்கும். தரைக்கு மேல் இரண்டு அங்குலம் உயர்த்தி, தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் பூசச் சொல்லுங்கள். கொத்தனாருக்குப் பத்து நிமிட வேலை.

வலையை வெறும் தூணில் மட்டும் கட்டினால் ஆறே மாதத்தில் தொட்டில்போலத் தொங்கும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இழுவைக் கம்பிகள் வேண்டும். மூலைத்தூண்கள்தான் அந்த இழுப்பு முழுவதையும் தாங்குகின்றன. அவற்றுக்கு இரண்டு பக்கமும் சாய்வாக முட்டுக்கல் கொடுக்காமல் விட்டால் வரிசையே உள்ளே சாய்ந்துவிடும்.

சுவர் எழுப்புகிறவர்கள் மழைநீரை மறந்துவிடுகிறார்கள். மேட்டிலிருந்து வரும் தண்ணீர் உங்கள் மனை வழியாகத்தான் காலங்காலமாக ஓடியிருக்கும். வடிகால் துளை இல்லாத சுவர் அதை நிறுத்திவைக்கும். நனைந்த மண்ணின் பாரமும் தேங்கிய நீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில், கனமழையில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் சரிந்து, கீழே தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம், நாலரை அங்குலத் தடிமன் சுவரைத் தூண்கூட இல்லாமல் ஆளுயரத்துக்கு எழுப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. சுவரின் அந்தப் பக்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

காட்டோரம் வீடு இருந்தால் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடும் எண்ணமே வேண்டாம். அது சட்டப்படி குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன.

கேட் அகலத்தைக் கார் அளவுக்கு மட்டும் கணக்கிடாதீர்கள். போர்வெல் வண்டியும் கழிவுநீர் லாரியும் என்றாவது உள்ளே வந்தாக வேண்டும். பாம்புக்குப் பயந்து வலை போடுகிறவர்களுக்கு ஒரு சொல்: இரண்டு அங்குல வலைக்கண்ணில் பாம்பு தாராளமாக நுழையும். சுவரோரம் அடுக்கிய செங்கல்லையும் விறகையும் அகற்றுவதுதான் அதற்கு வழி.

இடம் இருக்கிறது, அவசரமில்லை என்றால் செடிகளையே நெருக்கமாக வளர்க்கும் உயிர்வேலியை யோசியுங்கள். கொங்குப் பக்கத்துக் கிளுவை வேலிகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முள்ளும் உண்டு, பச்சையும் உண்டு, துரு என்ற பேச்சே இல்லை. இங்கே நடக்கும் தவறு பொறுமையின்மை. மழைக்கு முன் போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கொம்புகளை) நெருக்கமாக நட்டுவிட்டு, அடுத்த மாதமே ஆடு புகுந்துவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறார்கள். கிளைகள் பின்னிக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வெளிப்பக்கம் முள் வெட்டி அடைத்து வையுங்கள். இடையிடையே ஆடாதொடையும் நடலாம். பெயருக்கு ஏற்றபடி ஆடு அதைக் கடிப்பதில்லை. கிளுவையின் தலையை ஆண்டுக்கொரு முறை வெட்டிவிட்டால் அடியில் அடர்த்தி சேரும், வெட்டிய கொம்புகள் விடுபட்ட இடங்களில் ஊன்றப் போத்தாகும்.