நம்ம எம்.எல்.ஏ. பற்றித் தெரிந்துகொள்ளும் வழி

காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுத வருபவர்களிடம் முதலில் தொகுதியைத்தான் கேட்பேன். செட்டிநாடு ஒரே தொகுதி இல்லை. காரைக்குடி, திருப்பத்தூர், திருமயம் என்று பிரிந்து கிடக்கிறது. வாக்காளர் அட்டை எண்ணைத் தேர்தல் ஆணையத் தளத்தில் போட்டால் சரியாகக் காட்டிவிடும்.

அப்புறம் அதே ஆணையத்தின் தளத்தில், வேட்புமனுவோடு உங்கள் எம்.எல்.ஏ. கொடுத்த படிவம் 26 பிரமாணப் பத்திரத்தை எடுங்கள். படிப்பு, சொத்து, கடன், வழக்குகள் எல்லாம் அதில் இருக்கும். கணவர் அல்லது மனைவி பெயரில் உள்ள சொத்தையும் விடாமல் படியுங்கள். இரண்டாம் முறை நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது இதைத்தான். ஐந்து வருடத்தில் என்ன மாறியது என்று அவர் கையெழுத்திலேயே தெரியும்.

சபையில் அவர் என்ன செய்தார் என்று அறிய, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடுங்கள். கேள்வி நேரத்தில் என்ன கேட்டார், எந்த மானியக் கோரிக்கையில் (ஒரு துறையின் செலவுக்குச் சபையிடம் ஒப்புதல் கேட்கும் விவாதம்) பேசினார், நம் கண்மாய் பற்றி வாய் திறந்தாரா என்று பாருங்கள்.

தொகுதி மேம்பாட்டு நிதி செலவான விவரத்துக்குத் தகவல் உரிமை மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும். திருமயம்காரர்கள் புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகத்துக்கும் மற்ற இரண்டு தொகுதிக்காரர்களும் சிவகங்கை மாவட்ட நிர்வாகத்துக்கும் அனுப்புங்கள்.