அந்த நேரம் அவனுக்கு அது தெரியுமா? குற்றத் தொடர்களில் நம்பிக்கையையும் கூட்டையும் பற்றிக் கூடிக் கதைக்கும் முறை

சனிக்கிழமை மாலைகளில் திருகோணமலை டச்சு பே கடற்கரையில் நாங்கள் ஆறு பேர் கூடி, அந்த வாரம் பார்த்த குற்றத் தொடரைப் பற்றிக் கதைப்பது வழக்கம். எங்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், துறைமுகத்தில் நெடுங்காலம் வேலை செய்த ஐயா ஒருவரும், தாதிய மாணவி ஒருத்தியும் இருக்கிறார்கள். முதல் மாதம் நாங்கள் கதைத்தவை பெரும்பாலும் வீணாயின. "அவன் அந்த மனுசனை நம்பியிருக்கக் கூடாது" என்று ஒருவர் சொல்வார், "நம்பாமல் வேறு என்ன செய்வது?" என்று மற்றவர் கேட்பார், இருட்டும் வரை அந்த இரண்டு வாக்கியங்களே மாறி மாறி வரும். ஒருநாள் டீச்சர் பொறுமையிழந்து என்னைப் பார்த்து, "தம்பி, அந்த நேரம் அவனுக்கு அது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பார்வையாளனான எனக்குத் தெரிந்ததை எல்லாம் அந்தப் பாத்திரத்துக்கும் தெரிந்ததாக வைத்துக்கொண்டே நான் ஒரு மணி நேரம் வாதிட்டிருந்தேன்.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. எடுத்துக்காட்டுக்காகச் சில தொடர்களின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லப் போகிறேன். 'பிரேக்கிங் பேட்', 'ட்ரூ டிடெக்டிவ்' முதல் சீசன், 'தி பிரிட்ஜ்' ஆகியவற்றை இனிமேல்தான் பார்க்கவிருப்பவர்கள் அவற்றைப் பார்த்து முடித்துவிட்டு வருவது நல்லது.

முதலில் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். கைப்பேசியிலும் எழுதலாம், ஆனால் நடுவில் வைத்து எல்லோரும் பார்க்கக்கூடிய தாளே கூட்டத்துக்கு உகந்தது. இரு கூட்டாளிகளுக்கு இடையிலான நம்பிக்கையைத் தொடும் காட்சி வரும்போதெல்லாம் மூன்று விடயங்களைக் குறியுங்கள்: அந்தக் கணத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், நமக்கு மட்டும் என்ன தெரியும், யார் எதை மற்றவர் கையில் ஒப்படைத்தார். மூன்றாவதுதான் மிகவும் முக்கியமானது. நம்பிக்கை என்பதை மனத்துக்குள் இருக்கும் ஓர் உணர்வாக எடுத்துக்கொண்டால் அதை யாராலும் நிறுவ முடியாது. ஒருவர் தன் உயிரையோ பணத்தையோ பெயரையோ மற்றவரின் கையில் விட்ட செயலாக எடுத்துக்கொண்டால், காட்சியைச் சுட்டிக்காட்டி வாதிடலாம்.

'பிரேக்கிங் பேட்' 2008 முதல் 2013 வரை ஐந்து சீசன்களாக, 62 எபிசோட்களாக வந்தது. வேதியியல் ஆசிரியரான வோல்டர் வைட்டும் அவரின் பழைய மாணவன் ஜெஸி பிங்க்மனும் போதைப்பொருள் தயாரிப்பில் கூட்டாளிகள் ஆகிறார்கள். 2009இல் வந்த இரண்டாம் சீசனின் கடைசிக்கு முந்திய எபிசோடில், ஜெஸியின் காதலி ஜேன் மயக்கத்தில் வாந்தி தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறுகிறாள்; பக்கத்தில் நிற்கும் வோல்டர் அவளைக் காப்பாற்றக் கூடியவராக இருந்தும் காப்பாற்றாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜெஸி உறக்கத்தில் இருக்கிறான். அந்த உண்மையை 2013இல் வோல்டரே தன் வாயால் சொல்லும் வரை ஜெஸிக்கு அது தெரியாது. ஒளிபரப்பான காலத்திலேயே பார்த்து வந்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்த இரகசியத்தைச் சுமந்திருக்கிறார்கள். அதனால்தான் அவர்களுக்கு ஜெஸியின் ஒவ்வொரு நம்பிக்கையும் முட்டாள்தனமாகத் தெரிந்தது.

ஆனால் குறிப்பேட்டில் ஜெஸியின் பக்கத்தை மட்டும் எழுதிப் பாருங்கள். மூன்றாம் சீசனின் முடிவை நெருங்கும்போது, ஜெஸியைக் கொல்லவிருந்த இருவரை வோல்டர் காரால் மோதிக் காப்பாற்றுகிறார். அதற்காக முதலாளி கஸ் ஃப்ரிங்கின் பகையைத் தேடிக்கொள்கிறார். அதை அடுத்து வோல்டரின் உயிரைக் காப்பதற்காக ஜெஸி ஒரு மனிதனைச் சுட வேண்டி வருகிறது. ஜெஸிக்குத் தெரிந்த வரவு செலவுக் கணக்கில் இந்த மனிதர் தனக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்தவர். அந்தக் கணக்கின்படி அவன் நம்பியதில் பிழை ஏதும் இல்லை. எங்கள் கூட்டத்தில் இதை எழுதி முடித்தபோது, ஜெஸியை ஏமாளி என்று சொல்லி வந்த தாதிய மாணவி நீண்ட நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ பிழை எங்களில்தான், அண்ணா" என்றாள்.

அடுத்து, சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். தமிழில் 'நம்பு' என்ற ஒரே வினைக்குள் குறைந்தது மூன்று காரியங்கள் அடங்கியிருப்பதால், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவர் இரு வேறு விடயங்களைப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் சொன்னதை நம்புவது ஒன்று. அந்த ஆளை நம்புவது இன்னொன்று. அவரை நம்பியிருப்பது, அதாவது அவரை விட்டால் வேறு வழி இல்லாமல் சார்ந்திருப்பது, மூன்றாவது. நான்காம் சீசனின் நடுப்பகுதியில் ஜெஸி வோல்டரின் சொல்லை நம்புவதில்லை, ஆளையும் பெரும்பாலும் நம்புவதில்லை, எனினும் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பியிருக்கிறார்கள். வாதம் சூடாகும்போது, "நீங்கள் எந்த நம்பிக்கையைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பதற்கு ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள். எங்களுக்குள் அந்த வேலை டீச்சருடையது.

கூட்டு எப்போது மாறுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் அதிக நேரத்தைச் செலவிட வேண்டும் என்பது என் எண்ணம். பலரும் பெரிய சண்டைக் காட்சியைச் சுட்டிக்காட்டி, "இங்கேதான் பிரிந்தார்கள்" என்பார்கள். சண்டை நடக்கும் போது மாற்றம் ஏற்கெனவே முடிந்திருக்கும். நான்காம் சீசனில் வோல்டரும் ஜெஸியும் கைகலப்பில் இறங்குவதற்குப் பல எபிசோட்களுக்கு முன்பே, கஸ் ஃப்ரிங் ஜெஸியை மைக் என்பவருடன் வெளியே அனுப்பிப் பொறுப்புக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அதுவரை வோல்டரின் கண்டிப்பை மட்டுமே கேட்டுப் பழகிய ஒருவனை வேறொருவர் மதிக்கிறார். ஜெஸி பெரும்பாலும் கடைசி வரை 'மிஸ்டர் வைட்' என்றே அழைப்பதைக் கவனியுங்கள். விளிக்கும் சொல் அப்படியே இருக்க, அதற்குள் இருந்த மாணவன் வெளியேறிவிடுகிறான். தமிழ்த் தொடர்களில் 'நீ', 'நீங்கள்' மாறும் இடங்களைக் குறித்துக்கொண்டால் இந்த வேலை எளிதாகிவிடும். துணைவரிகளை மட்டும் நம்பிப் பிறமொழித் தொடர்களைப் பார்ப்பவர்கள் பெயர் சொல்லி அழைக்கும் முறையைக் காதால் கேட்க வேண்டும். துணைவரி அதைப் பல இடங்களில் விட்டுவிடும்.

துறைமுக ஐயா இதற்குக் கரைவலையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு அணிகள் தள்ளி நின்று இழுத்து, இழுக்க இழுக்க ஒன்றையொன்று நெருங்கி வருவார்கள். ஒரு பக்கம் வேகம் கூடினாலோ தளர்ந்தாலோ, மடி, அதாவது வலையில் மீன் சேரும் பை, கோணிக்கொண்டு மீன் வெளியேறிவிடும். ஆனால் கரையில் நிற்பவருக்கு அது உடனே தெரியாது, மடி கரை சேர்ந்த பிறகுதான் தெரியும். ஆகவே பின்னோக்கிப் பாருங்கள். உடைந்த காட்சியிலிருந்து ஒவ்வோர் எபிசோடாகப் பின்னால் சென்று, கயிறு எங்கே முதலில் தளர்ந்தது என்று கேளுங்கள்.

பதவியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022இல் வெளிவந்த 'சுழல்' தொடரின் முதல் சீசனில், இன்ஸ்பெக்டர் ரெஜினாவும் அவருக்குக் கீழே வேலை செய்யும் சக்கரையும், காணாமற்போன ஒரு பெண்பிள்ளையைத் தேடுகிறார்கள். தேடலின் பாதையில் ரெஜினாவின் மகனே வந்து நிற்கிறான். அதுவரை கட்டளையிட்டவர் இப்போது வழக்கில் சம்பந்தப்பட்ட ஒரு தாயும் ஆகிறார். இங்கே "சக்கரை அவரை நம்ப வேண்டுமா?" என்று கேட்பது பாதிக் கேள்விதான். மேலதிகாரியைச் சந்தேகிக்க ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே மற்றப் பாதி. சமமானவர்களுக்கு இடையிலான நம்பிக்கையையும் மேலும் கீழுமாக நிற்பவர்களுக்கு இடையிலான நம்பிக்கையையும் ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள்.

பொய் சொன்னால் கூட்டு உடைந்துவிடும் என்ற எண்ணத்தையும் சோதித்துப் பாருங்கள். 2014இல் எட்டு எபிசோட்களாக வந்த 'ட்ரூ டிடெக்டிவ்' முதல் சீசன் இதற்கு மிகச் சிறந்த பாடம். ரஸ்ட் கோல், மார்ட்டி ஹார்ட் என்ற இரு துப்பறிவாளர்கள் 1995இல் ஒரு கொலை வழக்கை விசாரிக்கும்போது, மார்ட்டி பிடிபட்டு நின்ற சந்தேகநபரை ஆத்திரத்தில் சுட்டுக்கொன்றுவிடுகிறார். துப்பாக்கிச் சண்டை நடந்ததாக இருவரும் சேர்ந்து ஒரு கதை கட்டுகிறார்கள். 2002இல் வீட்டு விடயத்தில் மூண்ட பகையால் அடித்துக்கொண்டு பிரிகிறார்கள். 2012இல் தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கப்படும்போது இருவரும் அதே பொய்யை, ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே, பிசகாமல் சொல்கிறார்கள். திரையில் உண்மையான நிகழ்வு ஓடிக்கொண்டிருக்க, குரல் மட்டும் பொய்யைச் சொல்லும் அந்த ஐந்தாம் எபிசோடை இரண்டு முறை பாருங்கள். நட்பு செத்து பத்து ஆண்டுகள் ஆன பின்பும் கூட்டு உயிரோடு இருப்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

துரோகம் என்ற சொல்லை எங்கள் மண்ணில் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். துரோகி, காட்டிக்கொடுத்தவர் என்ற சொற்கள் இங்கே உயிர்களைக் காவுகொண்ட சொற்கள். கற்பனைப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லும்போதும் கேட்பவர் ஒருவரின் முகம் மாறக்கூடும். எங்கள் கூட்டத்தில் அது நடந்தது, அன்று நாங்கள் தொடரை விட்டுவிட்டு வெறுமனே தேநீர் குடித்துக் கலைந்தோம். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: செயலுக்கு முதலில் பெயர், தீர்ப்பு பிறகு. காட்டிக்கொடுத்தல் என்பது செயல். துரோகம் என்பது தீர்ப்பு.

2011இல் தொடங்கிய 'தி பிரிட்ஜ்' தொடர், சுவீடனையும் டென்மார்க்கையும் இணைக்கும் பாலத்தின் நடுவே, எல்லைக் கோட்டில் கிடக்கும் உடலோடு ஆரம்பிக்கிறது. சுவீடனின் சாகா நொரேனும் டென்மார்க்கின் மார்ட்டினும் சேர்ந்து விசாரிக்கிறார்கள். குற்றவாளி மார்ட்டினின் மகனைக் கொன்றுவிடுகிறான். இரண்டாம் சீசனின் முடிவில், சிறையில் இருந்த அந்தக் குற்றவாளி நஞ்சால் இறக்கிறான். அதைச் செய்தது மார்ட்டின் என்று உணரும் சாகா, தன் ஒரே நண்பரைப் பொலிசில் ஒப்படைக்கிறார். சாகா காட்டிக்கொடுத்தார் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. துரோகமா என்பதில் இரண்டு சனிக்கிழமைகள் கழிந்தன. பொய் சொல்லாதவர் என்று தெரிந்தேதான் மார்ட்டின் அவரோடு பழகினார், ஆகவே சாகா எந்த வாக்கையும் மீறவில்லை என்பது டீச்சரின் கட்சி. பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குச் சட்டத்தைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாதவர் நண்பராக இருக்க முடியாது என்பது ஐயாவின் கட்சி. நான் டீச்சரின் பக்கம் நிற்கிறேன், ஆனால் ஐயா பேசி முடித்த பிறகு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. கூடியவுடன், எந்த எபிசோட் வரை பேசலாம் என்பதை எல்லோரிடமும் கேட்டு, மிகப் பின்தங்கியவரின் இடத்திலேயே கோட்டைப் போடுங்கள். பிள்ளைகள் உறங்கிய பின் கைப்பேசியில் பார்க்கும் ஒருவருக்கு வாரம் இரண்டு எபிசோடுக்கு மேல் முடியாது. முன்பே பார்த்து முடித்தவர் முகபாவத்தாலும் குறிப்புக் கொடுக்கக் கூடாது. ஒருவர் மனம் மாறினால் குறிப்பேட்டில் பழைய கருத்தை அழிக்காமல், மாறிய எபிசோட் எண்ணோடு பக்கத்தில் எழுதுங்கள், ஏனெனில் நம்முடைய நம்பிக்கை எங்கே இடம் மாறியது என்பதும் அந்தத் தொடர் செய்த வேலையின் ஒரு பகுதி.

புதிதாகத் தொடங்குபவர்கள் 'ட்ரூ டிடெக்டிவ்' முதல் சீசனிலிருந்து தொடங்கலாம். எட்டு எபிசோட்கள் மட்டுமே, கதை அதற்குள் முடிந்துவிடுகிறது, வாரம் இரண்டாக நான்கு சனிக்கிழமைகளில் பேசி முடித்துவிடலாம். முதல் சனிக்கிழமையே, இருவரில் யாரோடு நீங்கள் இரவில் ஒரே காரில் பயணம் செய்வீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுதி, தாளை மடித்து டீச்சரைப் போன்ற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்; நான்காவது சனிக்கிழமை பிரித்து வாசியுங்கள்.