ஓரியோலும் கரும்பறவைகளும்: அமெரிக்காவில் பறவை பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தில் நியூ ஜெர்சிக்கோ ஒஹாயோவுக்கோ பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நம் ஊர்ப் பெற்றோர், மரத்தில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பறவையைக் கண்டதும் "அட, மாங்குயில்!" என்பார்கள். நானும் வந்த புதிதில் அப்படித்தான் சொன்னேன். அது பால்டிமோர் ஓரியோல். பார்க்க மாங்குயில் மாதிரி இருப்பதால் ஐரோப்பியர்கள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மாங்குயிலுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. இந்த ஓரியோல்கள், ரெட்விங் பிளாக்பேர்ட், கிராக்கிள், கௌபேர்ட் எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய இக்டெரிடே என்ற குடும்பம். புல்வெளியில் பாடும் மெடோலார்க்கும் இதே குடும்பம்தான்; அது வானம்பாடி இல்லை.

அடுத்த தவறு, நிறத்தை மட்டும் பார்ப்பது. கடை வாசல் வண்டி நிறுத்தத்தில் திரியும் கறுப்புப் பறவைகளை மொத்தமாக ஒரே இனம் என்று விட்டுவிடுகிறோம். வாலைப் பாருங்கள். நீண்ட வாலும் வெளிர் மஞ்சள் கண்ணும் இருந்தால் கிராக்கிள். வெயில் படும்போது அதன் தலை நீலமாகவும் உடல் வெண்கலமாகவும் மின்னும்; மேகமூட்டத்தில் பார்த்து "வெறும் கறுப்பு" என்று முடிவு கட்டாதீர்கள். குட்டை வால் என்றால் பெரும்பாலும் ஸ்டார்லிங். அது இந்தக் குடும்பமே இல்லை, நம் மைனாவுக்குச் சொந்தம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் பறக்கவிட்டார்கள்.

பெட்டைகளைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு. சம்பங்கோரை நுனியில் உட்கார்ந்து சிவப்புத் தோளை விரித்துக் கத்தும் ரெட்விங் சேவலை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதற்குக் கீழே, கோரைத் தண்டுகளுக்கு நடுவே, உடலெல்லாம் பழுப்புக் கோடுகளோடு பெரிய சிட்டுக்குருவி போல ஒன்று நகரும். அதுதான் பெட்டை. ஒரு சேவலின் எல்லைக்குள் பல பெட்டைகள் கூடு கட்டும். பதினைந்து வரைகூடப் பதிவாகியிருக்கிறது. கூட்டைப் பின்னுவதும் முட்டையை அடைகாப்பதும் அவைதான். பத்து நிமிடம் கோரையின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள், அந்தக் குளத்தில் நடக்கும் வாழ்க்கை முழுதும் தெரியும்.

ஆனால் கிட்டே போகாதீர்கள். சேவல் உங்கள் தலைக்கு நேரே பாய்ந்து வந்தால் பக்கத்தில் கூடு இருக்கிறது என்று பொருள். அங்கேயே நின்று வீடியோ எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் நிற்கும் அத்தனை நேரமும் அது காவலையும் இரையையும் விட்டுவிட்டு உங்களோடு மல்லுக்கு நிற்கிறது. கூடு கட்டும் காலத்தில் கைபேசியில் பறவையின் பாட்டைப் போட்டு அதை வரவழைப்பதும் இதே கொடுமைதான்.

கௌபேர்ட் விஷயத்தில் நல்ல மனசுக்காரர்களே தவறு செய்கிறார்கள். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல இதுவும் பிறர் கூட்டில் முட்டையிடும். 200க்கும் மேற்பட்ட இனங்களின் கூடுகளில் அதன் முட்டையைக் கண்டிருக்கிறார்கள். பாவம் அந்தச் சின்னப் பறவை என்று கௌபேர்ட் முட்டையை எடுத்து எறிகிறார்கள். கௌபேர்ட் இந்த மண்ணின் பறவை. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதன் முட்டையை எடுப்பதும் அழிப்பதும் குற்றம். அப்புறம், முட்டையை எடுத்துவிட்டால் கௌபேர்ட் திரும்பி வந்து அந்தக் கூட்டையே நாசம் செய்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குயிலைப் பாட்டுக்காகக் கொண்டாடும் நாம் இதை வெறுக்க வேண்டியதில்லை.

சரி, தோட்டத்துக்கு ஓரியோலை வரவழைப்பது எப்படி? வடகிழக்கில் மே முதல் வாரத்திலேயே வந்துவிடும் என்பதால், ஏப்ரல் கடைசியிலேயே ஆரஞ்சுப் பழத்தைப் பாதியாக நறுக்கி வையுங்கள். திராட்சை ஜெல்லியைக் கிண்ணம் நிறைய வைக்காதீர்கள், சிறகில் ஒட்டினால் பறக்க முடியாது. ஒரு கரண்டி போதும், தினமும் மாற்றுங்கள். தேனும் சாயம் கலந்த சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஜூனில் திடீரென்று வருவது குறைந்தால் கோபித்துக்கொண்டு போய்விட்டதாக நினைக்க வேண்டாம். குஞ்சுகளுக்குக் கம்பளிப்பூச்சியும் புழுவும் தேடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மரங்களுக்குப் பூச்சிமருந்து அடிப்பதுதான் நாம் அவற்றுக்குச் செய்யும் பெரிய கெடுதல்.

ஓரியோல் கூட்டைப் பார்க்கும் ஆசையில் கிளையை வளைக்கவும் வேண்டாம். நவம்பரில் இலை எல்லாம் உதிர்ந்த பிறகு உயரமான எல்ம் மரத்தின் கிளை நுனிகளை அண்ணாந்து பாருங்கள். தூக்கணாங்குருவிக் கூட்டை நினைவுபடுத்தும் ஒரு நார்ப்பை, வாய் மேலே திறந்தபடி, காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.