எரிந்த அறையை ஆராய்வது எப்படி?

தீ விபத்துச் செய்தி எதைப் படித்தாலும், "மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது" என்ற வரி அதில் பெரும்பாலும் இருக்கும். சாம்பலின் சூடு ஆறுவதற்குள் சொல்லப்படும் அந்தக் காரணம் சில வேளைகளில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் தீ எங்கே தொடங்கியது என்று தெரியாமல், எதனால் தொடங்கியது என்று சொல்ல வழியில்லை. முதலில் இடம், பிறகு காரணம் என்ற இந்த வரிசையைக் கைவிடாதிருப்பதே தீத்தல ஆய்வின் அடிப்படை. தடயவியல் மாணவர்களும் தீயணைப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களும் காப்பீட்டு சர்வேயர்களும் அறிந்திருக்க வேண்டியதை, வீட்டின் ஓர் அறைக்குள் பற்றும் தீயை வைத்து விளக்குகிறேன்.

எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் கூடி, வேதிவினை அறுபடாமல் தொடர்ந்தால்தான் தீ நிலைக்கும். இதில் பலர் கவனிக்கத் தவறும் செய்தி, மரமோ துணியோ திடநிலையில் சுடர்விட்டு எரிவதில்லை என்பதாகும். சூட்டில் அவை சிதைந்து வெளிவிடும் வாயுவே சுடராகிறது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த உடனே, திரியிலிருந்து எழும் வெண்புகையின் மேல்நுனியில் ஒரு தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். குச்சி திரியைத் தொடாமலே சுடர் புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். புகையே எரிபொருள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அறைக்குள் ஒரு சோபா எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான புகை மேலே சென்று கூரையின்கீழ் அடுக்காகத் தேங்கி, மெல்லக் கீழிறங்குகிறது. அந்த அடுக்கின் வெப்பம் 500 முதல் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, தரையின் மீது விழும் வெப்பக் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோவாட் ஆகிவிடுகிறது. உச்சி வெயில் நம்மீது இறக்குவது சுமார் 1 கிலோவாட்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அப்போது அறையிலுள்ள பொருட்கள் அநேகமாக ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். இதற்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர். நுரைப்பஞ்சு மெத்தைகள் நிறைந்த இன்றைய அறைகளில் இதற்குச் சில நிமிடங்களே போதும்.

ஃபிளாஷ்ஓவருக்குப் பிறகு அறை முழுவதும் எரிபொருள் வாயு நிறைந்திருக்க, ஆக்சிஜனுக்குத்தான் பஞ்சம். ஆகவே கதவும் சன்னலும் எங்கே திறந்திருக்கின்றனவோ அங்கேதான் தீ மிகக் கடுமையாக எரியும். அதிகம் கருகிய இடமே தீ தொடங்கிய இடம் என்ற பழைய நம்பிக்கை இங்கே உடைந்துபோகிறது. 2005-ல் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு பயிற்சியில், ஃபிளாஷ்ஓவருக்குப் பின் சுமார் இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைக்கப்பட்ட இரண்டு அறைகளை 53 புலனாய்வாளர்களிடம் காட்டி, அறையை நான்காகப் பிரித்தால் தீ எந்தக் கால்பகுதியில் தொடங்கியது என்று கேட்டார்கள். ஒவ்வோர் அறைக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூவர் மட்டுமே.

இந்தப் பிழையின் விலை என்ன என்பதை, அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் 1990-ல் ஆறு பேர் இறந்த ஒரு வீட்டுத் தீ காட்டுகிறது. தரையில் இருந்த கருகல் தடங்களைப் பெட்ரோல் ஊற்றிய அடையாளம் என்று கருதி, தப்பிப் பிழைத்த குடும்பத் தலைவர்மீதே கொலை வழக்குத் தொடுத்தார்கள். அரசுத் தரப்பு அழைத்த வல்லுநர்கள், ஏறக்குறைய அதே அமைப்பில் பக்கத்தில் இருந்த ஒரு வீட்டில் அதே வகைப் பொருட்களை வைத்துச் சோபாவுக்குத் தீயிட்டுப் பார்த்தபோது, ஐந்து நிமிடத்துக்குள் ஃபிளாஷ்ஓவர் வந்தது. ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமலே அதே தடங்கள் தரையில் பதிந்தன. வழக்கு கைவிடப்பட்டது.

ஆகவே தலத்துக்குச் சென்றதும் எதையும் தொடாமல், வெளியிலிருந்து உள்ளேயும், குறைவாக எரிந்த பகுதியிலிருந்து அதிகம் எரிந்த பகுதிக்குமாகப் படம் எடுத்துக்கொண்டே செல்லுங்கள். எந்தக் கதவு திறந்திருந்தது, எந்தச் சன்னலைத் தீயணைப்பு வீரர்கள் உடைத்தார்கள், எங்கிருந்து தண்ணீர் அடித்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் பார்த்தவர்கள் சொல்வதற்கும் பெரிய மதிப்பு உண்டு. இடிபாட்டை மண்வெட்டியால் வாரி எறியாமல், அடுக்கடுக்காகக் கையால் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் வலைபோன்ற நுண்விரிசல் இருந்தால் பெட்ரோல் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டதால் வருவது.

மின்கம்பியில் உருகிய மணி (உலோகம் உருகித் திரண்ட சிறு உருண்டை) கிடைத்தால், காரணம் கிடைத்துவிட்டது என்று உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: உருகிய மணிக்கும் உருகாத கம்பிக்கும் நடுவே தெளிவான எல்லை தெரிந்தால், அது பெரும்பாலும் மின்பொறியால் உருகியது, கம்பி நெடுக மெலிந்து, ஒழுகி, திரள்திரளாக இருந்தால் தீயின் வெப்பமே உருக்கியிருக்கலாம், ஏனெனில் தாமிரம் உருகும் 1,085 டிகிரியைக் கடுந்தீ எட்டக்கூடும். முதல் வகையேயானாலும், வேறிடத்தில் தொடங்கிய தீ கம்பியின் மேலுறையை எரித்ததால்கூட அந்தப் பொறி வந்திருக்கலாம். அந்த நேரத்தில் கம்பியில் மின்சாரம் ஓடியது என்பதை மட்டுமே மணி உறுதியாகச் சொல்கிறது.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஐயம் இருந்தால், மாதிரியைக் காற்றுப்புகாத புதிய உலோக டப்பாவில் எடுக்க வேண்டும். சாதாரண பாலித்தீன் பையில் ஆவி கசிந்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறையை மாற்றுங்கள். மாதிரி கம்பளத்திலிருந்து எடுக்கப்பட்டால், அதே கம்பளத்தின் பாதிக்கப்படாத துண்டு ஒன்றையும் தனியாக எடுத்து அனுப்புவது அவசியம், ஏனெனில் செயற்கை இழைகள் எரியும்போது பெட்ரோலில் உள்ள சில சேர்மங்களையே அவையும் வெளியிடுகின்றன.

இத்தனைக்குப் பிறகும் காரணம் தெளியாமல் போவதுண்டு. மற்ற காரணங்களை எல்லாம் விலக்கிவிட்டோம், எனவே யாரோ வைத்த தீதான் என்று சான்றே இல்லாமல் முடிவுக்கு வருவதை, 1992-ல் முதலில் வெளியான அமெரிக்க வழிகாட்டி நூலான என்எஃப்பிஏ 921 தன் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்க மறுத்தது. அத்தகைய அறிக்கையில் "காரணம் கண்டறியப்படவில்லை" என்று எழுதி, எந்தெந்தக் காரணங்கள் ஆராயப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சான்று கிடைக்கவில்லை என்பதைப் படங்களோடு சேர்த்துக் கையொப்பமிடுங்கள்.