சரிவில் ஒரு மழைத்தோட்டம்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் மலைச்சரிவை ஒட்டிய எங்கள் வீட்டில், மழை பெய்யும்போதெல்லாம் செம்மண்ணும் கார் நிறுத்துமிடத்து எண்ணெய்ப் பிசுக்கும் நான் செடிகளுக்கு இட்ட கோழி எருவும் கலந்த நீர், பால் விட்ட தேநீரின் நிறத்தில் வடிகாலில் இறங்கி, சுங்கை பினாங்கை நோக்கி ஓடும். என் கையால் இட்ட எருவே ஆற்றைக் கெடுக்கிறது என்பது எனக்குப் பெரும் உறுத்தலாக இருந்தது.

மழைநீரை விரட்டிவிடாமல், அது விழுந்த இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்பதே மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறை 2000-இல் வெளியிட்ட கையேட்டின் அடிப்படை. அதன்படி, ஓடிவரும் மழைநீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும் மழைத்தோட்டம் அமைக்க, வடிகாலுக்கு முன்னால் ஒரு பள்ளம் வெட்டினேன். ஆனால் அடியில் இருந்த களிமண் நீரை உறிஞ்சவில்லை. மூன்றாம் நாளும் நீர் தேங்கி நின்றது, அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. டிங்கி பரவும் ஊரில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

உடனே 60 செ.மீ. ஆழத்திற்குக் களிமண்ணை அகற்றி, அடியில் சரளைக்கல்லும் அதன்மேல் பெருமணலோடு சிறிதளவு மக்கிய இலையுரமும் நிரப்பி, மேற்பரப்பைச் சுற்றுத்தரையைவிட 15 செ.மீ. தாழ்வாக விட்டு, மிகைநீர் வெளியேறக் கல் பதித்த வழியும் அமைத்தேன். பள்ளத்தில் கல்வாழையும், மேலே சரிவின் குறுக்கே நெருக்கமாக வெட்டிவேரும் நட்டேன்.

இப்போது அடைமழை ஓய்ந்த சில மணி நேரத்தில் நீர் வடிந்துவிடுகிறது. மணலின்மீது சந்தனக்குழம்புபோல் படியும் வண்டலை மாதம் ஒருமுறை சுரண்டி எடுக்கிறேன்.