மாங்கிஃபெரின் குடல் சுவரைக் கடக்கிறதா? காகோ-2 செல் அடுக்கில் அளக்கும் முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்புகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், மாவிலையில் கிடைக்கும் மாங்கிஃபெரின் என்ற வேதிப்பொருளை இங்குள்ள மாணவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது இயல்பே. வாய்வழியாக உட்கொண்டால் இது இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. குடல் சுவரைக் கடக்க முடியாததாலா, கடக்க முயல்வதைச் செல்களே வெளியே தள்ளிவிடுவதாலா என்று பிரித்தறிய, மனிதப் பெருங்குடல் புற்றிலிருந்து பெறப்பட்ட காகோ-2 செல்களை ஒற்றை அடுக்காக வளர்த்து அளக்கலாம்.

12 குழித் தட்டில், 0.4 மைக்ரோமீட்டர் துளைச் சவ்வை அடிப்பாகமாகக் கொண்ட, குழிக்குள் பொருந்தும் சிறு கிண்ணங்களான இன்செர்ட்டுகளில் செல்களை விதைத்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் வளர்ப்பு ஊடகத்தை மாற்றி, ஏறத்தாழ 21 நாள் வளர்க்க வேண்டும். ஒரு வாரத்திற்குள் சவ்வு நிறைந்துவிட்டதுபோல் தோன்றினாலும், குடல் செல்லுக்குரிய நுண்விரல்களும் கடத்திப் புரதங்களும் முதிர அத்தனை நாள் பிடிக்கும்.

அடுக்கு முழுமையானதா என்பதை மின்தடை காட்டும். மின்முனையின் குட்டைக் கால் இன்செர்ட்டுக்குள்ளும் நெட்டைக் கால் வெளியிலும் இருக்க, உள்ளே உள்ள முனை செல்களில் உரசாதபடி செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். தட்டு குளிரக் குளிர மின்தடை ஏறும். ஓசூரின் மார்கழிக் குளிரிலும் தருமபுரியின் சித்திரை வெயிலிலும் ஒரே அடுக்கு வெவ்வேறு எண்ணைத் தரக்கூடும் என்பதால், எப்போதும் ஒரே வெப்பநிலையில் அளப்பது நல்லது. செல் இல்லாத இன்செர்ட் 120 ஓம், செல் உள்ளது 450 ஓம் என்றால், வித்தியாசமான 330-ஐச் சவ்வின் பரப்பான 1.12 சதுர செ.மீ.யால் பெருக்க, சுமார் 370 ஓம் சதுர செ.மீ. வரும். தகுதி வரம்பை ஒவ்வொரு ஆய்வகமும் தானே நிர்ணயிக்க வேண்டும். 250-க்குக் கீழே இருப்பதை நான் ஏற்பதில்லை.

சோதனைக் கரைசலாகக் கால்சியமும் மக்னீசியமும் உள்ள ஹாங்க்ஸ் பஃபர் என்ற உப்புக் கரைசலையே பயன்படுத்த வேண்டும். கால்சியம் இல்லாவிட்டால் செல்களுக்கிடையே உள்ள இறுக்கச் சந்திப்புகள் தளர்ந்துவிடும். அதற்காகக் கடின நீரே போதும் என்று எண்ண வேண்டாம்: ஃபுளோரைடுக்குப் பெயர்போன நம் பகுதி ஆழ்குழாய் நீரோ, கேன் தண்ணீரோ இங்கே உதவாது, மீத்தூய நீரே தேவை.

இன்செர்ட்டின் உட்புறமான மேல் அறையில் 0.5 மி.லி., அதற்கு வெளியே உள்ள கீழ் அறையில் 1.5 மி.லி. பஃபர் ஊற்றி, 37 டிகிரி செல்சியஸில் மெல்லக் குலுக்கியபடி, மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தனித்தனி இன்செர்ட்டுகளில் சோதிக்க வேண்டும். மருந்தை, அதாவது மாங்கிஃபெரினை, கரைக்கும் கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 30, 60, 90, 120ஆவது நிமிடங்களில் பெறும் அறையிலிருந்து மாதிரி எடுத்து, அதே அளவு வெதுவெதுப்பான பஃபரை ஈடுசெய்து, எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எளிதில் கடக்கும் புரோபிரனோலால், அரிதாகக் கடக்கும் அட்டெனோலால் ஆகிய ஒப்பீட்டு மருந்துகளையும் உடன் சோதிக்காத தட்டின் முடிவை ஒப்பிட வழியில்லை.

நொடிக்குக் கடந்த அளவைப் பரப்பாலும் தொடக்கச் செறிவாலும் வகுத்தால் ஊடுருவல் கெழு கிடைக்கும். அதன் அலகு செ.மீ./நொடி. கீழிருந்து மேலான கெழு மற்றதைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், செல் மருந்தை வெளியேற்றுகிறது என்று ஐயுறலாம். மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைகோபுரதத்தைத் தடுக்கும் வெராபமிலைச் சேர்த்ததும் அந்த விகிதம் இறங்கினால், அப்புரதத்தின் மீது ஐயம் வலுக்கும்.

இறுதியில் லூசிஃபர் எல்லோ சாயத்தை மேல் அறையில் இட்டுக் கசிவைப் பார்க்க வேண்டும். சாயம் கசிந்த இன்செர்ட்டின் எண், எதிர்பார்த்தபடியே இருந்தாலும் நீக்கப்பட வேண்டியதுதான். இரு அறைகளிலும் சேர்த்து மருந்தில் 80 விழுக்காடாவது திரும்பக் கிடைக்கிறதா என்றும் கணக்கிட வேண்டும். மாங்கிஃபெரின் ஒரு பாலிஃபீனால் என்பதால், திரும்பக் கிடைக்காத பங்கு பிளாஸ்டிக்கில் ஒட்டியதா, செல்லுக்குள் தங்கியதா, பஃபரிலேயே சிதைந்ததா என்பதைச் செல் இல்லாத இன்செர்ட்டையும் செல்களைக் கரைத்தெடுத்த சாற்றையும் அளந்த பிறகே சொல்ல முடியும்.